பொருளாதாரச் சரிவு: அடித்தது யார்? ஆடியது ஏன்?



ஒற்றுப்பிழை, வாசிப்புத் திறன், வீட்டுப்பாடம் என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இன்று பொருளாதாரத்தைப் பற்றி எழுத முனைந்திருக்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். நாடு சரிவில் விழும் ஆண்டை நாளேடுகளின் தலைப்புச் செய்திகளுக்கு முன்பே எங்கள் வகுப்பறைகள் அறிந்துகொள்கின்றன என்பதே என் விடை. பள்ளி வேனில் வந்த பிள்ளை, தந்தையின் மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கும். தனிவகுப்புக்குச் சென்ற பிள்ளை நின்றுவிடும். வகுப்புக்கான சிறு கட்டணம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். பின்னர் ஒருநாள், வாடகை குறைந்த வீட்டைத் தேடி அந்தக் குடும்பமே வேறு ஊருக்கு மாறிச் சென்றுவிடும்.

இப்படிப்பட்ட காலங்களில், “ஏன் இப்படி ஆயிற்று?” என்று பெற்றோர்கள் கேட்பார்கள். அதற்கு நம்மவரிடையே மூன்று விடைகள் உலவுகின்றன. வெளிநாட்டுக்காரன் செய்த சதி என்பது முதல் விடை. நம் அரசாங்கம் செய்த தவறு என்பது இரண்டாவது விடை. எல்லாம் நம் தலைவிதி என்பது மூன்றாவது விடை. இந்த மூன்றில் எது சரி என்பது வெறும் பட்டிமன்றத் தலைப்பன்று. எந்த விடையை நம்புகிறோமோ அதற்கேற்பத்தான் அடுத்த சரிவுக்கு நாம் ஆயத்தமாகிறோம், அல்லது ஆயத்தமாகாமலே இருந்துவிடுகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. ஆனால் அந்த அடிக்கு எவ்வளவு ஆடுவோம், எவ்வளவு காலம் ஆடுவோம், யார் கீழே விழுவார் என்பவை உள்ளே நாம் செய்து வைத்திருப்பதைப் பொறுத்தே அமைகின்றன.

ஆடுகுதிரை சொல்லும் பாடம்

நார்வே நாட்டுப் பொருளாதார அறிஞர் ராக்னர் ஃபிரிஷ் 1933ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு 1969இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பகிர்ந்துகொண்ட இருவருள் இவரும் ஒருவர். சுவீடன் நாட்டு அறிஞர் விக்செல் கூறிய ஓர் உவமையை ஃபிரிஷ் அக்கட்டுரையில் எடுத்தாண்டார். சிறுவர்கள் ஏறி விளையாடும் மர ஆடுகுதிரையை ஒரு தடியால் அடித்தால் அது ஆடும். ஆனால் அது ஆடும் விதம் தடி அசைந்த விதத்தைப் போல் இராது. அடி ஒரே நொடியில் முடிந்துவிடும். ஆட்டமோ நெடுநேரம் தொடரும். குதிரையின் எடை, அடிக்கட்டையின் வளைவு, தரையின் தன்மை ஆகியவையே அந்த ஆட்டத்தை முடிவு செய்யும்.

ஒரு நாட்டின் பொருளாதார ஏற்ற இறக்கத்தையும் இவ்வாறே இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார் ஃபிரிஷ். முதலாவது அதிர்ச்சி. இரண்டாவது, அந்த அதிர்ச்சி நாட்டுக்குள் பரவும் வழி. அதிர்ச்சி வெளியிலிருந்தும் வரலாம், உள்ளிருந்தும் எழலாம். எண்ணெய் விலை ஏறுவது, நம் பொருளை வாங்கும் நாடு வாங்குவதை நிறுத்திக்கொள்வது, உலக வட்டி விகிதம் உயர்வது ஆகியவை வெளி அதிர்ச்சிகள். அரசாங்கம் திடீரெனச் செலவைக் குறைப்பது, வங்கிகள் வரைமுறையின்றிக் கடன் கொடுத்துவிட்டுப் பின்னர் கதவை மூடுவது, வெள்ளம், அரசியல் குழப்பம் ஆகியவை உள் அதிர்ச்சிகள்.

மலேசியா போன்ற சிறிய, திறந்த நாட்டில் வெளி அதிர்ச்சியின் பாதை ஒருவழிப் பாதை. அமெரிக்காவின் நடுவண் வங்கி வட்டியை உயர்த்தினால் நம் ரிங்கிட்டின் மதிப்பு அசையும். நம் பேங்க் நெகாரா வட்டியை உயர்த்தினால் நியூயார்க்கில் எவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. 2000ஆம் ஆண்டளவில் நம் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால், அத்தொகை நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. வீட்டின் எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்திருப்பவனுக்குக் காற்றும் வரும், மழைச்சாரலும் வரும்.

இவ்வளவும் சொன்னால், “பார்த்தீர்களா, எல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது” என்று முதல் விடைக்காரர் மகிழ்ந்துவிடக்கூடும். ஆனால் 2003இல் கோசே, ஓட்ராக், வைட்மேன் என்னும் மூவர் 60 நாடுகளின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அவருக்கு வியப்பூட்டும். உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அலை இருப்பது உண்மையே. ஆயினும் அந்த அலையோடு கூடுதலாக எழுந்து தாழ்பவை பணக்கார நாடுகள்தாம். வளரும் நாடுகளில் ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி அந்தந்த நாட்டுக்கே உரிய காரணங்களால் விளைகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே, வெளிக்காற்றைக் காட்டி உள்வீட்டு ஓட்டையை மறைக்க முடியாது.

ரப்பரும் ஈயமும்

நம் மக்களின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அந்நாட்டில் கார் வாங்குவோர் குறைந்தனர். டயருக்கு வேண்டிய ரப்பரின் விலை வீழ்ந்தது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழனுக்கு அமெரிக்கப் பங்குச் சந்தை என்றால் என்னவென்றே தெரியாது. ஆயினும் கூலி குறைந்தது, வேலை போனது. 1930க்கும் 1932க்கும் இடையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இது முழுக்க முழுக்க வெளி அதிர்ச்சி. ஆனால் அந்த அதிர்ச்சியை யார் தலையில் இறக்குவது என்று முடிவு செய்தவர்கள் இங்கிருந்த ஆட்சியாளரும் தோட்ட நிர்வாகமும்தாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான்.

அடுத்து, 1985. அவ்வாண்டு அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்கப் பணமில்லாமல் கைவிரித்தது. ஈய விலை பாதியாகச் சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பரும் செம்பனை எண்ணெயும் விலை இழந்தன. மின்னணுப் பொருள்களுக்கு அமெரிக்காவில் தேவை குறைந்தது. நான்கு திசைகளிலிருந்தும் அடி விழுந்தது. அதே வேளையில் உள்ளே இருந்த நிலை என்ன? அரசாங்கம் 1980களின் தொடக்கத்தில் கனரகத் தொழில்களுக்காகப் பெருங்கடன் வாங்கியிருந்தது. 1985 செப்டம்பருக்குப் பிறகு ஜப்பானிய யென்னின் மதிப்பு ஏறவே, யென்னில் வாங்கிய கடனும் ஏறியது. இதனால் சரிவு வந்தபோது செலவு செய்து மக்களைத் தாங்க வேண்டிய அரசாங்கம், செலவைக் குறைக்க வேண்டியதாயிற்று. நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கியது. வேலையின்மை 8 விழுக்காட்டைத் தாண்டியது.

அதே 1985இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரும் சரிந்தது. அதற்கும் வெளிக்காரணங்கள் இருந்தன. ஆயினும், அதனை ஆராய அமைக்கப்பட்ட பொருளாதாரக் குழு உள்காரணங்களை மறைக்கவில்லை. உற்பத்தித் திறனைவிடச் சம்பளச் செலவு வேகமாக ஏறியிருந்தது. கட்டுமானத் துறை அளவுக்கு மீறி ஊதிப் பின்னர் வெடித்தது. 1986இல் மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தார்கள். அது தொழிலாளர்களுக்குக் கசப்பான மருந்துதான். ஆனால் நோய் எங்கே என்று பார்த்த பிறகு கொடுக்கப்பட்ட மருந்து.

1997: இருவர் சொன்னதும் உண்மை

நம்மில் பலருக்கும் நினைவில் இருப்பது 1997. அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தை மிதக்கவிட்டது. இரு வாரங்களுக்குள் ரிங்கிட்டும் மிதக்கவிடப்பட்டது. டாலருக்கு 2.50 வெள்ளி அளவில் இருந்த நாணயம், 1998 ஜனவரியில் 4.88 வரை வீழ்ந்தது. 1997 பிப்ரவரியில் 1,270 புள்ளிகளைத் தாண்டியிருந்த கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் நாளில் 262 ஆகக் கிடந்தது. 1998இல் நாட்டின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. கட்டுமானத் துறை மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது.

அப்போதைய பிரதமர் மகாதீர் நாணயச் சூதாடிகளைக் குற்றஞ்சாட்டினார். அனைத்துலக நிதியமும் மேலை நாட்டு விமர்சகர்களும் உள்நாட்டு வங்கி முறையையும் சலுகைப் பொருளாதாரத்தையும் குற்றஞ்சாட்டினார்கள். இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதாகவே நாம் அன்று நினைத்தோம். இன்று திரும்பிப் பார்த்தால் இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது தெரிகிறது. ஒன்று தடியைப் பற்றியது. மற்றொன்று குதிரையைப் பற்றியது.

பணம் வெளியே ஓடியது வெளி அதிர்ச்சிதான். ஆனால் 1990களின் நடுவில் நம் வங்கிக் கடன்கள் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் கூடுதலான வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தன. நாட்டின் மொத்தக் கடன், மொத்த உற்பத்தியின் ஒன்றரை மடங்கு அளவுக்கு எட்டியிருந்தது. அக்கடனில் பெரும்பகுதி நிலத்திலும் கட்டடத்திலும் பங்குச் சந்தையிலும் முடங்கிக் கிடந்தது. அடி விழுந்த பிறகு, 1997 டிசம்பரில் அரசாங்கச் செலவை 18 விழுக்காடு குறைக்கப் போவதாக அறிவிக்கப்பட்டது. வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. ஆக, வெளி அதிர்ச்சியோடு உள் அதிர்ச்சியும் சேர்ந்துகொண்டது. பின்னர் 1998 செப்டம்பரில் போக்கு மாறியது. டாலருக்கு 3.80 வெள்ளி என்று நாணயம் கட்டப்பட்டது, முதல் வெளியேறாமல் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன, வட்டி இறங்கியது, நலிந்த கடன்களை வாங்கிக்கொள்ள டானாஹர்த்தாவும், வங்கிகளுக்கு முதல் ஊட்ட டானாமோடலும் அதற்குச் சற்று முன்பே அமைக்கப்பட்டிருந்தன. 1999இல் நாடு மீண்டும் 6 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். ஒரே புயலில் இந்தோனேசியா 1998இல் 13 விழுக்காடு சுருங்கியது. தைவானோ அவ்வாண்டிலும் வளர்ந்தது. வீசிய காற்று ஒன்றுதான். ஆடிய ஆட்டம் வேறு.

அந்த ஆண்டில் நான் உயர்நிலைப்பள்ளியை முடித்திருந்த இளைஞன். எங்கள் குடியிருப்பில் கட்டுமானத் தளங்களுக்கு மணலும் கல்லும் ஏற்றிய லாரிக்காரர்கள் பலர். லாரிகள் தவணை கட்ட முடியாமல் இழுத்துச் செல்லப்பட்டன. அந்தக் குடும்பங்களில் கடன் இல்லாதவர்கள் ஓராண்டில் எழுந்து நின்றார்கள். லாரிக்கும் வீட்டுக்கும் சேர்த்துக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க வட்டி முதலைகளிடம் சென்றவர்களுடைய பிள்ளைகள் பள்ளியை விட்டே நின்றார்கள். நாடு 1999இல் மீண்டது. அந்தப் பிள்ளைகள் மீளவில்லை. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதன் பொருளை நான் அங்கேதான் கற்றேன்.

குதிரையைத் திருத்தினால் ஆட்டம் குறையும்

என் கருத்துக்கு மிக வலுவான சான்று 2009ஆம் ஆண்டுதான். 2008 செப்டம்பர் 15இல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. 1930களுக்குப் பிறகு உலகம் கண்ட மிகப் பெரிய நிதி நெருக்கடி அது. நம் ஏற்றுமதி கடுமையாக விழுந்தது. பினாங்கிலும் சிலாங்கூரிலும் தொழிற்சாலைகள் வேலை நாள்களைக் குறைத்தன. ஆயினும் 2009இல் நாடு சுருங்கியது 1.5 விழுக்காடு மட்டுமே. உலகம் முழுவதும் ஆடிய நெருக்கடியில் 1.5; நம் வட்டாரத்தில் தொடங்கிய நெருக்கடியில் 7.4.

இரண்டு நெருக்கடிகளும் ஒரே வகையானவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1997இல் முதல் ஓடியது. 2008இல் வாணிகம் சுருங்கியது. இருந்தாலும் முழு வேறுபாட்டையும் அதனால் விளக்கிவிட முடியாது. 1998க்குப் பிறகு வங்கிகள் இணைக்கப்பட்டு வலுப்படுத்தப்பட்டிருந்தன. நாணயம் 2005 ஜூலையிலிருந்து 3.80 என்ற கட்டிலிருந்து விடுபட்டிருந்தது. பேங்க் நெகாரா, வட்டியை ஏற்றாமல் 3.5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கு இறக்க முடிந்தது. அரசாங்கம் 2008 நவம்பரில் 700 கோடி வெள்ளி, 2009 மார்ச்சில் 6,000 கோடி வெள்ளி என இரு ஊக்கத் திட்டங்களை அறிவிக்க முடிந்தது. முன்பு அடிபட்ட குதிரை திருத்தப்பட்டிருந்தது. 2001இல் மின்னணுத் துறை உலக அளவில் சரிந்தபோதும், நம் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அதையே நம்பியிருந்த நிலையிலும், நாடு 0.5 விழுக்காடு வளர்ச்சியோடு தப்பித்தது.

பின்னர் 2020 வந்தது. கோவிட் கிருமி வெளியிலிருந்து வந்தது. மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை உள்ளே எடுக்கப்பட்ட முடிவு. அது வேண்டிய முடிவுதான். எனினும் வெளி, உள் என்ற கோடு அங்கே அழிந்துபோனது. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் உற்பத்தி 17 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. ஆண்டு முழுவதற்குமான வீழ்ச்சி 5.5 விழுக்காடு. 1998இல் இல்லாத இரண்டு தாங்குகட்டைகள் இம்முறை இருந்தன. ஆறு மாதக் கடன் தவணை ஒத்திவைப்பு ஒன்று. 2018இல் பெர்கேசோவின் கீழ்த் தொடங்கப்பட்ட வேலைக் காப்புறுதித் திட்டம் மற்றொன்று. வேலை இழந்தவருக்குச் சில மாதங்கள் வருமானம் கிடைக்க அது வழி செய்தது.

ஆனால் மூன்றாவதாக நாம் பிடித்துக்கொண்ட கட்டை நம் முதுமைக்கானது. ஊழியர் சேமநிதியிலிருந்து சிறப்புத் திட்டங்களின் வழி ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி வெளியே எடுக்கப்பட்டது. எடுத்தவர்களை நான் குறை கூற மாட்டேன். பிள்ளைக்குப் பால்மாவு வாங்கப் பணமில்லாதவரிடம் அறுபது வயதைப் பற்றிப் பேசுவது அறமன்று. ஆயினும் கணக்கு கணக்குதான். 2020இன் அதிர்ச்சி 2020இலேயே முடிந்துவிடவில்லை. அதன் ஒரு பகுதியை, இன்று நம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் தம் பெற்றோரின் முதுமையில் சுமக்கப் போகிறார்கள்.

புள்ளிவிவரத்துக்குள் வராதவர்கள்

ஒரு செய்தியை இங்கே நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1985ஆம் ஆண்டுச் சரிவில் நாடு 1 விழுக்காடு சுருங்கியபோது வேலையின்மை 8 விழுக்காட்டைக் கடந்தது என்று மேலே எழுதினேன். 1998இல் அதைப்போல் ஏழு மடங்கு சுருங்கியும் வேலையின்மை 3 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இஃது எப்படி? காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு. 1998இல் முதலில் வேலை இழந்தவர்களுள் பல்லாயிரவர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாட்டில் இல்லாதவர் நாட்டின் வேலையின்மைக் கணக்கில் வரமாட்டார்.

1930களில் அந்த இடத்தில் இருந்தவர்கள் நம் பாட்டன்மார்கள். இந்தோனேசியத் தொழிலாளியைக் கப்பலேற்றிய செய்தியைக் கேட்டு, “நமக்கென்ன?” என்று கடந்து செல்லும் உரிமை வேறு யாருக்கு இருந்தாலும் மலேசியத் தமிழனுக்கு இல்லை. சரிவைச் சமாளித்துவிட்டோம் என்று ஒரு நாடு சொல்லும்போது, எவரைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறது என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். இன்றும் நாள்கூலிக்காரர், உணவகத்தில் பதிவின்றி வேலை செய்யும் தாய், சொந்த லாரியோட்டி ஆகியோர் வேலைக் காப்புறுதியின் நிழலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

அப்படியானால் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் என்ன செய்ய இயலும்? உலகச் சந்தையை நாம் நிறுத்த முடியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 19 விழுக்காடு வரி விதித்தபோது நம்மிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அடுத்த அடி எங்கிருந்து வரும் என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் நம் கைக்கு எட்டும் இடத்தில் சில செயல்கள் உள்ளன.

முதலாவது, குடும்பத்தையும் ஒரு சிறிய திறந்த நாடாகப் பாருங்கள். சம்பளம் வெளியிலிருந்து வருகிறது; அதை நிறுத்தும் ஆற்றல் வேறொருவர் கையில் இருக்கிறது. தவணைகள் உள்ளே இருக்கின்றன. அவற்றை ஏற்றதும் ஏற்காததும் பெருமளவு நம் கையில் இருக்கிறது. மலேசியக் குடும்பங்களின் மொத்தக் கடன் நாட்டு உற்பத்தியில் 80 விழுக்காட்டையும் தாண்டி நிற்கிறது. சம்பள உயர்வு கிடைத்த ஆண்டிலேயே புதுக் காருக்கு ஒன்பதாண்டுத் தவணை எழுதுவது, நல்ல காற்று வீசும்போது குதிரையின் காலை அறுத்து வைப்பதற்கு ஒப்பாகும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவரிடம் போய்ச் சேமிப்பைப் பற்றி உபதேசம் செய்வதில் பொருளில்லை. அவருக்குத் தேவை காப்புறுதியும் நியாயமான கூலியும். அவற்றைக் கேட்பது நம் அனைவரின் கடமை.

இரண்டாவது, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நல்ல ஆண்டுகளில் ஒரு நெருக்கடி நிதியைச் சேர்க்க வேண்டும். சரிவு வந்த பிறகு நன்கொடைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தால், கொடுக்க வேண்டியவரே வேலை இழந்து நிற்பார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். நமக்கு இதில் முன்னோடி உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறு தவணைகளாகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்றாடங்காய்ச்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்தாம் தோட்ட உரிமையாளர்கள் ஆனார்கள். அன்று முடிந்ததில் நூற்றில் ஒரு பங்காவது இன்று நம்மால் முடியாதா?

மூன்றாவது, சரிவுக் காலத்தில் ஒரு பிள்ளைகூடப் பள்ளியை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது. நாட்டின் உற்பத்தி ஓரிரு ஆண்டுகளில் மீளும். ஆறாம் ஆண்டோடு நின்று கார் கழுவும் கடைக்குப் போன பிள்ளையின் வாழ்வில் அந்த ஓராண்டு நாற்பதாண்டுகள் தொடரும். எனவே, வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவதும் பொருளாதாரக் கொள்கையே என்பேன். வறிய மாணவர் உதவி நிதி, துணை உணவுத் திட்டம் ஆகியவற்றுக்கு ஆண்டின் நடுவில் வேலை இழந்த பெற்றோரின் பிள்ளைகள் பெயரையும் சேர்க்கப் பள்ளி நிர்வாகத்தோடு பேசுங்கள். தகுதிப் பட்டியல் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதப்படுகிறது. வேலை இழப்போ ஆண்டுத் தொடக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

நான்காவது, பிள்ளைகளிடம் உண்மையைப் பேசுவது. கணிதப் பாடத்தில் ‘பணம்’ என்னும் தலைப்பின் கீழ் சேமிப்பு, வட்டி, கடன் ஆகியவற்றைக் கற்பிக்கிறோம். கணக்கைச் செய்ய வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். “அப்பாவின் சம்பளம் மூன்று மாதம் நின்றால் இந்தத் தவணை என்ன ஆகும்?” என்று ஒரே ஒரு வினாவைக் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும். அந்த அமைதியில் பிள்ளைகள் சிந்திக்கிறார்கள். வேலை இழந்த தந்தையைப் பார்த்து, “என் அப்பா திறமையில்லாதவர்” என்று எண்ணிக் கூனிக் குறுகும் பிள்ளைக்கு, தொலைதூரத்தில் விழுந்த அடி தன் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று விளக்கிச் சொல்வது பெரிய ஆறுதல். தன் தந்தையை மீண்டும் மதிக்க அது கற்றுக்கொடுக்கும்.

இனி, மூன்றாவது விடையான தலைவிதிக்கு வருவோம். 1930இல் கப்பலேறியவரும், 1998இல் லாரியை இழந்தவரும், 2020இல் சேமநிதியைத் துடைத்தெடுத்தவரும் விதியால் வீழவில்லை. ஒவ்வொரு முறையும் அடி வந்த திசையைச் சொல்ல முடிகிறது. உள்ளே எது பலவீனமாக இருந்தது என்பதையும் சொல்ல முடிகிறது. காரணத்தைச் சொல்ல முடிந்த ஒன்றை விதி என்று அழைப்பது, படிக்க வேண்டிய பாடத்தைப் படிக்காமல் தேர்வுக்குப் போவது போன்றது.

உங்கள் பள்ளியில் நெருக்கடி நிதி ஏதேனும் இயங்குகிறதா? இயங்கினால், எவ்வாறு தொடங்கினீர்கள், யார் நிர்வகிக்கிறார்கள், எந்தக் குடும்பத்துக்கு எப்போது கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால், அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாக முன்மொழியுங்கள். தலைக்கு ஆண்டுக்குப் பத்து வெள்ளி என்றாலும் போதும், தொடங்கிவிட்டால் வளரும்.

சிந்திப்போம், செயல்படுவோம். அடுத்த பதிவில் சந்திப்போம்.